வெயில் ஊரும் தடித்த ஒயிலும்: லொறி எஞ்சினுக்கு ஏற்ற பாகுநிலையைத் தெரிவுசெய்தல்

திருகோணமலையிலிருந்து வெளியூருக்குப் போகும் சரக்கின் பெரும்பகுதியை டீசல் லொறிகளே சுமக்கின்றன. சீனக்குடாவின் மா ஆலையிலிருந்தும் சீமெந்துத் தொழிற்சாலையிலிருந்தும் ஹபரணை வழியாகத் தெற்கே இறங்கும் பார ஊர்திகள், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆற்று மணலை ஏற்றிக்கொண்டு நாளுக்குப் பல நடை அடிக்கும் டிப்பர்கள், கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஐஸ் போட்ட மீனுடன் இரவோடிரவாகக் கொழும்புக்கு ஓடும் சிறிய லொறிகள் என்று எஞ்சின்களும் அவற்றின் வேலைகளும் பலவகைப்பட்டவை. அவற்றுக்கு ஊற்றும் ஒயிலைப் பற்றிய பேச்சு மட்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: "எங்கட ஊர் வெயில் ஊர், மெல்லிய ஒயில் நிக்காது, தடிச்சதாப் பாத்து விடுங்கோ." இதன் முதற்பாதி மறுக்க முடியாத உண்மை. ஆனால் அதிலிருந்து இரண்டாம் பாதி பிறப்பதில்லை. ஊரின் சூட்டுக்கும் எஞ்சினுக்குள் இருக்கும் ஒயிலின் சூட்டுக்கும் இடையே தேர்மோஸ்டாட் என்ற சிறிய உறுப்பு ஒன்று நிற்கிறது என்பதை அந்தப் பேச்சு கணக்கில் எடுப்பதில்லை.

குளிர்விக்கும் நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியஸை எட்டும்வரை தேர்மோஸ்டாட் அதை ரேடியேற்றருக்குப் போக விடாது. எட்டிய பின்னர் திறந்து, மேலதிக வெப்பத்தை மட்டும் வெளியேற்றும். ஆகவே சூடேறி ஓடும் ஓர் எஞ்சினின் நீர், திருகோணமலையின் ஆனி மாதத்து 35 பாகை வெயிலிலும் நுவரெலியாவின் பனிக்குளிரிலும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில்தான் இருக்கும். பாரம் ஏற்றிய லொறியொன்றின் சம்பில், அதாவது எஞ்சினின் அடியிலுள்ள தொட்டியில், கிடக்கும் ஒயில் அந்த நீரைவிடச் சற்றுக் கூடுதலாக, 90 பாகைக்கும் 115 பாகைக்கும் இடையில் நிற்கும். அது எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பவை ஏற்றிய பாரம், ஏறும் மேடு, டர்போவின் வேலை, ரேடியேற்றர் மண் அடைபடாமல் இருக்கிறதா என்பவையே. வெளிக்காற்றின் பங்கு அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. நோர்வேயிலும் திருகோணமலையிலும் ஓடும் ஒரே வகை லொறிக்கு, ஒயில் பெயரின் பின்பாதியில் வரும் எண்ணை உற்பத்தியாளர் பெரும்பாலும் மாற்றாமல் விடுவது இதனால்தான்.

பாகுநிலை, அதாவது ஒயில் எவ்வளவு தடிப்பாக ஓடுகிறது என்பது, ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விடை 1880களின் இங்கிலாந்தில் கிடைத்தது. ரயில் அச்சுகளின் பெயாரிங்குகளை ஆராய்ந்த போஷம்ப் டவர், 1883இல் வெளியிட்ட பரிசோதனைகளின்போது எதிர்பாராத ஒன்றைக் கண்டார். பெயாரிங்கின் மேற்புறத்தில் ஒயில் விடுவதற்காகத் துளையிட்ட இடத்தில், உள்ளே இறங்க வேண்டிய ஒயில் வெளியே பொங்கியது. துளைக்கு அடித்த மரக் கட்டையையும் அது தள்ளியெறிந்தது. சுழலும் அச்சு தானாகவே ஒயிலை இழுத்துக்கொண்டு போய், ஒடுங்கிவரும் இடைவெளிக்குள் திணித்து, அங்கே பெரும் அமுக்கத்தை உண்டாக்கி, அந்த அமுக்கத்தின் மேல் தானே மிதக்கிறது என்பது அப்போது புலப்பட்டது. 1886இல் ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் அதற்குரிய கணிதத்தை எழுதினார். லொறி எஞ்சினில் பிஸ்டன்கள் சுழற்றும் அச்சான கிராங்க் ஷாஃப்டும் இன்றைக்கு அப்படித்தான் மிதக்கிறது. ஒயில் பம்பின் வேலை இடைவெளியை நிரப்பிக்கொண்டிருப்பது மட்டுமே. பாரத்தைத் தாங்குவது சுழற்சியும் ஒயிலின் பாகுநிலையும் சேர்ந்து உருவாக்கும் படலம். பாரம் உச்சத்துக்குப் போகும் கணத்தில் அந்தப் படலம் ஒரு மைக்ரோமீற்றர் அளவுக்கு மெலிந்துவிடக்கூடும். பாகுநிலை போதாவிட்டால் படலம் கிழிந்து உலோகத்தோடு உலோகம் உராயும். அளவுக்கு மிஞ்சினால் ஒயிலே உராய்வாக மாறி, டீசலைத் தின்று, அந்தச் சக்தியைச் சூடாக்கிப் பெயாரிங்கிடமே திருப்பிக் கொடுக்கும்.

படலம் கிழியாத அளவுக்குத் தடிப்பும், அதற்குமேல் இயன்றவரை மெலிவும் உள்ள ஓர் இடத்தை எஞ்சினை வடிவமைத்தவர் தேடிக் கண்டுபிடித்திருக்கிறார். பெயாரிங்கின் அகலம், இடைவெளி, பம்பின் கொள்ளளவு, பிஸ்டனின் அடியில் ஒயிலைப் பீச்சிக் குளிர்விக்கும் குழாயின் துளை எல்லாம் அந்த ஒரு பாகுநிலையை வைத்தே கணக்கிடப்பட்டவை. கையேட்டில் அச்சிட்ட எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கணக்கு இது.

டப்பாவின் மேல் இருக்கும் எண்கள்

அமெரிக்காவின் வாகனப் பொறியியலாளர் சங்கமான எஸ்ஏஈ, 1911இல் முதன்முதலில் ஒயில்களைப் பாகுநிலைப்படி வகுத்தது. இன்று ஜே300 என்று அறியப்படும் அந்த நியமத்தின்படி 15டபிள்யூ-40 என்ற பெயரில் இரண்டு தனித்தனி உறுதிமொழிகள் இருக்கின்றன. டபிள்யூ என்ற எழுத்துடன் வரும் முதலாவது எண் குளிர்காலத்துக்கு உரியது. 15டபிள்யூ ஒயில், பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் எஞ்சினைச் சுழற்றவிடும் அளவுக்கும், கீழே 25 பாகையில் பம்பினால் இழுக்கப்படும் அளவுக்கும் இளகியிருக்க வேண்டும். இரண்டாவது எண் சூடான எஞ்சினுக்கு உரியது. 40 என்றால் 100 பாகையில் பாகுநிலை, அதன் அலகான சென்டிஸ்டோக்கில், 12.5க்குக் குறையாமலும் 16.3ஐ எட்டாமலும் இருக்க வேண்டும். 30 என்பது 9.3 முதல் 12.5 வரையும், 50 என்பது 16.3 முதல் 21.9 வரையும் ஆகும்.

திருகோணமலையில் தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் உறைவதைக் காண்பது அரிது. நுவரெலியாவில் அது காலையில் வழக்கமாக நடப்பது. லொறி ஒயிலுக்கோ 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவின் விடியற்காலையும் ஒரு குளிரே அல்ல. 15டபிள்யூ, 20டபிள்யூ எல்லாம் பூச்சியத்துக்கு வெகு கீழே சோதிக்கப்பட்டவை. ஆகவே இந்த நாட்டில் முதலாவது எண்ணைப் பார்த்து, எஞ்சின் ஸ்டார்ட் ஆகுமோ என்று கவலைப்பட இடமில்லை. 5டபிள்யூ-40 செயற்கை ஒயிலை வாங்குபவர் கூடுதல் விலைக்குப் பெறுவது சூட்டில் சீக்கிரம் கெடாத தன்மையைத்தான். குளிரைத் தாங்கும் அதன் வல்லமை இங்கே பெரும்பாலும் பயன்படாமலே போகிறது.

முதலாவது எண்ணுக்கு இங்கே மறைமுகமான வேறொரு பொருள் உண்டு. கராஜில் ஒயிலைத் தெரிவுசெய்யும் முறையோடு அது நேரடியாகத் தொடர்புடையது. புதிய ஒயிலை இரண்டு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்து, "இது தடிப்பு, நல்ல ஒயில்" என்று சொல்வது பழைய பாஸ்மாரிடம் (மெக்கானிக்குகளிடம்) பரவலாக உள்ள வழக்கம். விரல் உணர்வது ஏறத்தாழ 30 பாகையில் உள்ள பாகுநிலையை. சந்தையில் கிடைக்கும் சாதாரணமான ஒயில்களின் அளவுகளைக் கொண்டு கணக்கிட்டால், அந்த வெப்பநிலையில் 10டபிள்யூ-30 ஏறத்தாழ 130 சென்டிஸ்டோக்கும், 15டபிள்யூ-40 ஏறத்தாழ 180உம், டபிள்யூ எண் இல்லாத ஒற்றைக் கிரேடு 40 ஏறத்தாழ 260உம், 20டபிள்யூ-50 அதற்கும் சற்று மேலாகவும் இருக்கும். இப்போது 15டபிள்யூ-40ஐயும் ஒற்றைக் கிரேடு 40ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விரலில் இரண்டாவது கணிசமாகத் தடித்தது. ஆனால் 100 பாகையில் இரண்டும் 14.5க்கு அருகில் வந்து நின்றுவிடுகின்றன. அதாவது பெயாரிங் வேலை செய்யும் இடத்தில் அவை ஏறக்குறைய ஒரே ஒயில்கள். விரல் சொன்ன "நல்ல ஒயில்" செய்வதெல்லாம், காலையில் எஞ்சினை முடுக்கியதும் டர்போவுக்கும் மேலே இருக்கும் வால்வுப் பகுதிக்கும் போய்ச் சேரச் சற்றுக் கூடுதலான நேரம் எடுப்பதுதான்.

இந்த இரண்டு ஒயில்களும் குளிரில் பிரிந்து சூட்டில் சேர்வதற்குக் காரணம் 15டபிள்யூ-40 போல இரண்டு எண்கள் கொண்ட பல கிரேடு ஒயிலில் கரைந்திருக்கும் பொலிமர்கள். சுருண்டு கிடக்கும் அந்த நீண்ட மூலக்கூறுகள் சூடேறும்போது விரிந்து, ஒயில் அளவுக்கு மீறி மெலிவதைத் தடுக்கின்றன. நம் ஊருக்கு இந்த வேலை அந்நியமானதன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்க் குதங்கள் நிற்கும் சீனக்குடாவில்தான் லங்கா ஐஓசி நிறுவனத்தின் மசகு எண்ணெய்க் கலப்பு ஆலையும் இயங்குகிறது. அடிப்படை எண்ணெயோடு பொலிமரும் மற்றச் சேர்மானங்களும் கலந்து டப்பாவில் அடைபடுவது இத்தகைய ஆலைகளில்தான். பொலிமருக்கு ஒரு பலவீனம் உண்டு. பற்சக்கரங்களுக்கும் இன்ஜெக்டர் பம்புகளுக்கும் இடையில் அரைபட அரைபட அது துண்டாகும், ஒயிலும் சற்று மெலியும். ஒற்றைக் கிரேடு ஒயிலை இன்னும் விரும்புவோர் இந்தக் காரணத்தைத்தான் சொல்வார்கள். ஒரு காலத்தில் அதில் நியாயமும் இருந்தது. இன்றைய டீசல் தரங்கள், ஒயிலை உயரமுக்க இன்ஜெக்டர் ஒன்றின் ஊடாகத் திரும்பத் திரும்பச் செலுத்தி, அதன் பின்னரும் கிரேடு கலையாமல் நிற்கிறதா என்று பார்க்கின்றன. எனவே உற்பத்தியாளர் குறிப்பாகக் கேட்டிருக்கும் சில பழைய எஞ்சின்களைத் தவிர, லொறிக்கு ஒற்றைக் கிரேடு ஒயில் ஊற்றுவதற்கு இன்று வலுவான காரணம் எதையும் நான் காணவில்லை.

ஒரே எண், வெவ்வேறு ஒயில்

100 பாகையில் அளக்கும் பாகுநிலை முழுக்கதையையும் சொல்லாது. பெயாரிங்கின் ஒடுங்கிய இடத்தில் ஒயில் 150 பாகைவரை சூடேறி, வினாடிக்குப் பல இலட்சம் தடவை என்ற வீதத்தில் வெட்டுப்படுகிறது, அதாவது அதன் படைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகின்றன. அந்நிலையில் பொலிமர்கள் ஓட்டத்தின் திசையில் நீண்டு படுத்துவிட, ஒயில் தற்காலிகமாக மேலும் மெலிகிறது. இதை அளப்பதற்கென்றே உயர்வெப்ப உயர்வெட்டுப் பாகுநிலை என்ற தனி அளவு இருக்கிறது. 15டபிள்யூ-40க்கு அது குறைந்தது 3.7 மில்லிபாஸ்கல் வினாடி. 30 கிரேடுக்கு நியமம் கேட்பது 2.9 மட்டுமே.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமான ஏபிஐ, 2016 டிசம்பரில் சிகே-4, எஃப்ஏ-4 என்ற இரண்டு டீசல் தரங்களை ஒன்றாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சிகே-4 ஒயிலின் உயர்வெட்டுப் பாகுநிலை 3.5க்குக் குறையக்கூடாது. எஃப்ஏ-4 ஒயிலிலோ அது வேண்டுமென்றே 2.9க்கும் 3.2க்கும் இடையில் வைக்கப்பட்டிருக்கிறது. டீசலைச் சிக்கனப்படுத்துவதற்காக, அதற்கென்றே வடிவமைத்த புதிய எஞ்சின்களுக்கு உருவாக்கப்பட்டது அது. இரண்டு டப்பாக்களிலும் 10டபிள்யூ-30 என்றே எழுதியிருக்கலாம். ஒன்று பழைய எஞ்சினுக்கும் பொருந்தும், மற்றது பழைய எஞ்சினின் பெயாரிங்கை மெல்ல மெல்லத் தேய்க்கும். எண்ணை மட்டும் கேட்டு வாங்குபவருக்கு இந்த வேறுபாடு தெரியவே வராது.

எழுத்துகளையும் சேர்த்துப் படித்தால்தான் நம் தெருக்களில் ஓடும் லொறிகளுக்கு விடை கிடைக்கும். டாட்டா, அசோக் லேலண்ட் போன்ற இந்திய லொறிகளுள் நீர்க்குளிர்விப்பும் டர்போவும் கொண்ட, புகைக்கரியைப் பிடிக்கும் பில்டர் இல்லாத புகைப்போக்கியுடைய எஞ்சின்களுக்கு 15டபிள்யூ-40 என்பது கேள்விக்கு இடமில்லாத விடை. ஏபிஐயின் சிஎச்-4 அல்லது சிஐ-4 தரம் அவற்றுக்குப் போதும். 1998இல் வந்த சிஎச்-4ஐவிட 2002இல் வந்த சிஐ-4, புகையை மீண்டும் எஞ்சினுக்குள் சுழற்றும் அமைப்புகளையும் கருத்தில் கொண்டு, கரியைத் தாங்கும் திறனைக் கூட்டியது. 1990இன் சிஎஃப்-4 தரத்து ஒயில் இன்னும் மலிவாகக் கிடைக்குமானால், அந்த மலிவு கரி படிந்த சம்பில் திரும்பிவரும்.

ஜப்பானிலிருந்து மீள்திருத்தி இறக்குமதியாகும் லொறிகளின் கதை வேறு. இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்டர், ஹினோ டுட்ரோ வரிசைகளில் பிந்திய ஆண்டுகளின் லொறிகள் பெரும்பாலானவற்றில் புகைக்கரியைப் பிடித்து எரிக்கும் பில்டர் உண்டு. இசுசு அதை டிபிடி என்றும் ஹினோ டிபிஆர் என்றும் அழைக்கின்றன. எஞ்சினில் எரியும் ஒயிலின் சாம்பல் இந்தப் பில்டரின் நுண்துளைகளில் தங்கிவிடும். கரியை எரிக்கலாம், சாம்பலை எரிக்க முடியாது. ஆகவே ஜப்பானின் ஜாசோ அமைப்பு இத்தகைய கனரக எஞ்சின்களுக்கென்று, சாம்பலைக் கட்டுப்படுத்திய டிஎச்-2 தரத்தை வகுத்தது. பில்டர் இல்லாத எஞ்சின்களுக்கு உரியது டிஎச்-1. டிஎச்-2 ஒயில்கள் ஜப்பானில் 10டபிள்யூ-30 கிரேடில் பரவலாகப் பயன்படுகின்றன. அதைப் பார்த்து, "30 நம்மூருக்கு ஆகாது" என்று 20டபிள்யூ-50 ஊற்றுபவர் ஒரே நேரத்தில் இரண்டு பிழைகளைச் செய்கிறார்: கணக்கிட்ட பாகுநிலையைவிட வெகுவாகத் தடித்த ஒயிலை எஞ்சினுக்குக் கொடுக்கிறார், அதைவிட மோசமாக, சாம்பல் கூடிய ஒயிலினால் பில்டரையும் அடைக்கிறார். இவ்வகை லொறிக்கு 10டபிள்யூ-30 கிடைக்காத இடத்தில் டிஎச்-2 அல்லது சிகே-4 தரமுள்ள 15டபிள்யூ-40ஐ, கையேட்டின் வெப்பநிலை அட்டவணை இடங்கொடுத்தால், ஊற்றலாம். டீசல் செலவில் ஒன்றிரண்டு சதவீதம் கூடும் என்பதைத் தவிர அதில் பெரிய தீங்கில்லை.

ஆனால் டிஎச்-2 ஒயிலுக்கும் நம் டீசலுக்கும் இடையில் ஒரு சிறு முரண் உண்டு. சாம்பலைக் குறைத்த ஒயிலில், டீசலின் கந்தகம் எரிந்து உண்டாகும் அமிலத்தை நடுநிலையாக்கும் காரச் சேமிப்பும் குறைவு. நம் நிரப்பு நிலையங்களின் ஒட்டோ டீசலில் சுப்பர் டீசலைவிடக் கந்தகம் அதிகம். ஆகவே ஜப்பானியக் கையேட்டில் எழுதியிருக்கும் நீண்ட மாற்று இடைவெளியை அப்படியே இங்கே பின்பற்றுவது புத்தியல்ல. ஒட்டோ டீசலில் ஓடும் லொறிக்கு அதைக் கணிசமாகச் சுருக்க வேண்டும். சுப்பர் டீசல் அடிப்பது எஞ்சினுக்கும் பில்டருக்கும் இன்னும் நல்லது, விலைதான் தடை.

தேய்ந்த எஞ்சினும் தடித்த ஒயிலும்

தடித்த ஒயிலுக்கு ஆதரவாக எழும் வாதங்களில் வலுவானது பழைய எஞ்சினைப் பற்றியது. பல இலட்சம் கிலோமீற்றர் ஓடிய லொறி சூடேறி ஐட்லிங்கில் நிற்கும்போது ஒயில் அமுக்க மீற்றரின் முள் கீழே இறங்குகிறது. 20டபிள்யூ-50 ஊற்றினால் ஏறுகிறது. ஆகவே எஞ்சின் பிழைத்துவிட்டது என்று எண்ணத் தோன்றும்.

முள் ஏறுவது உண்மை, ஆனால் அது காட்டுவது பம்பிலிருந்து புறப்படும் ஒயிலுக்கு வழியில் உள்ள தடையை. பெயாரிங்கின் இடைவெளி வழியாகக் கசியும் ஒயிலின் அளவு, பாகுநிலை கூடுவதற்கு நேர்மாறாகக் குறையும். இடைவெளி கூடினாலோ அதன் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 0.08 மில்லிமீற்றர் இடைவெளி தேய்ந்து 0.10 ஆனால் கசிவு ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். 15டபிள்யூ-40இலிருந்து 20டபிள்யூ-50க்கு மாறுவதால் 100 பாகையில் கூடும் பாகுநிலை முப்பது சதவீதத்துக்கும் குறைவு. அது ஈடுசெய்யக்கூடிய தேய்வு, இடைவெளியில் எட்டு, ஒன்பது சதவீதம் மட்டுமே. தேய்ந்த பெயாரிங்குக்குத் தடித்த ஒயில் ஒரு மருந்தல்ல, வைத்தியரிடம் போகும்வரை வாங்கும் தவணை. கிராங்கைக் கழற்றிப் பெயாரிங்கின் ஷெல்லை மாற்றுவதற்குப் பணம் சேரும்வரை அந்தத் தவணையை வாங்குவதில் நான் குற்றம் காணமாட்டேன். அதைத் தீர்வென்று எண்ணி இன்னும் இரண்டு ஆண்டுகள் ஹபரணைப் பாதையில் முழுப் பாரத்துடன் ஓட்டுவதுதான் ஆபத்து.

நல்ல நிலையில் உள்ள எஞ்சினுக்கு அதே தடித்த ஒயில் கெடுதலே செய்யும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பம்பின் அமுக்கம் எல்லையைத் தாண்ட, ரிலீஃப் வால்வு திறந்து ஒயிலின் ஒரு பகுதி மீண்டும் சம்புக்கே திரும்புகிறது. முள் உயரத்தில் நிற்கும், பெயாரிங்குக்குப் போகும் ஒயிலோ குறைவு. ஒயில் பில்டரைத் தடித்த ஒயில் கடக்கச் சிரமப்படும்போது அதன் பைபாஸ் வால்வும் திறக்கலாம். அப்போது வடிகட்டாத ஒயில் எஞ்சினைச் சுற்றும். ஒயில் உராய்வைக் குறைப்பதோடு நில்லாமல் பெயாரிங்கின் சூட்டையும் சுமந்து செல்கிறது. மெதுவாக நகரும் ஒயில் குறைவான சூட்டையே சுமக்கும். வெயில் ஊருக்கென்று தெரிந்தெடுத்த தடித்த ஒயில், பெயாரிங்கை முன்பைவிடச் சூடாக்குவது இப்படித்தான்.

டப்பாவைத் திறந்த பின்

இதுவரை பேசியதெல்லாம் புதிய ஒயிலின் பாகுநிலை. சம்பில் ஊற்றிய முதல் மணித்தியாலத்திலிருந்தே அது மாறத் தொடங்குகிறது. எந்தப் பக்கம் மாறும் என்பது லொறியின் வேலையைப் பொறுத்தது. திருகோணமலையின் லொறிகளை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது இந்த வேறுபாடு கிரேடு பற்றிய வாக்குவாதத்தைவிடப் பெரியது என்பது என் கணிப்பு.

சீமெந்து ஏற்றிக் கொழும்புவரை ஏறத்தாழ 260 கிலோமீற்றர் சீராக ஓடும் ஊர்தி, ஒயிலுக்கு இரக்கம் காட்டும் வேலையைச் செய்கிறது. ஒயில் முழுச் சூட்டுக்கு வந்து, ஈரமும் டீசலும் ஆவியாகிப் போய்விடும். அங்கே ஒயிலைக் கெடுப்பது மெதுவான ஒட்சியேற்றம் மட்டுமே. அது ஒயிலைத் தடிக்கச் செய்யும். ஒட்சியேற்றத்தின் வேகம் ஒவ்வொரு 10 பாகைக்கும் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொறியியலில் வழங்கும் பொதுக்கணக்கு. ஆகவே மணலும் பூச்சிகளும் அடைத்த ரேடியேற்றரைக் கழுவிச் சுத்தமாக்குவது, அதிக விலைக்கு ஒயில் வாங்குவதைவிட மேலான முதலீடு. அதுமட்டுமல்ல, 15டபிள்யூ-40 ஒயில் 100 பாகையில் 14.5 என்றால் 110 பாகையில் 11.5 அளவுக்கு இறங்கிவிடும். பத்துப் பாகை சூடு ஏறுவது முழுமையாக ஒரு கிரேடு குறைவதற்குச் சமம். வெயில் ஊரில் பாகுநிலையைக் காப்பாற்ற விரும்புபவர் தொடங்க வேண்டிய இடம் ரேடியேற்றர்.

மணல் டிப்பரின் வேலையோ ஒயிலுக்கு மிகக் கடினமானது. ஏற்றும் இடத்தில் வரிசையில் நின்று எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கிறது, பின்பு முழுப் பாரத்துடன் முதலாம் கியரில் மண் பாதையில் ஏறுகிறது, சிறிது தூரம் ஓடிப் பறித்துவிட்டு மீண்டும் வந்து காத்திருக்கிறது. ஐட்லிங்கில் சிலிண்டர் போதிய சூடில்லாமல் இருப்பதால் எரியாத டீசல் சுவர் வழியே வழிந்து சம்புக்குள் இறங்கி ஒயிலை மெலிவிக்கும். ஒயிலில் 5 சதவீதம் டீசல் கலந்தாலே 40 கிரேடு 30இன் எல்லையை நெருங்கிவிடும். அடுத்துப் பாரத்தில் இழுக்கும்போது உண்டாகும் கரி ஒயிலைத் தடிக்கச் செய்யும். ஒன்று மெலிவிக்க, மற்றது தடிப்பிக்க, அளந்து பார்த்தால் பாகுநிலை மாறாததுபோலத் தோன்றக்கூடும். உண்மையில் ஒயில் இரண்டு பக்கமும் கெட்டிருக்கும். கிலோமீற்றரை மட்டும் பார்த்து ஒயில் மாற்றும் பழக்கம் டிப்பருக்குப் பொருந்தாததும் இதனால்தான். ஒரு மணித்தியால ஐட்லிங்கை ஏறத்தாழ 40 கிலோமீற்றர் ஓட்டமாகக் கணக்கிட்டுச் சேர்ப்பது பாதுகாப்பான வழி. சாரதியின் வசதிக்காகக் குளிரூட்டியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருப்பவர்கள் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால் ஒயில் மாற்றும் நாள் எவ்வளவு முன்னால் வருகிறது என்று கண்டுகொள்ளலாம்.

கரும்நிறம் மட்டும் ஒயில் கெட்டதற்கு அடையாளமல்ல. டீசல் எஞ்சினில் மாற்றிய மறுநாளே ஒயில் கறுப்பது, கரியை அது கட்டியாக விடாமல் கலைத்துத் தாங்கி வைத்திருக்கிறது என்பதைத்தான் காட்டுகிறது. தடிப்பாக்கும் சேர்மானம் என்று சிறு போத்தல்களில் விற்பவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவற்றில் பெரும்பாலும் இருப்பது ஒயிலில் ஏற்கெனவே உள்ள அதே வகைப் பொலிமர்தான்.

புகைக்கரிப் பில்டர் உள்ள ஜப்பானிய லொறிகளில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பில்டரில் சேர்ந்த கரியை எரிப்பதற்காகப் பல எஞ்சின்கள், எரிதல் முடிந்த பின்னரும் சிலிண்டருக்குள் சிறிது டீசலைப் பீச்சிப் புகையைச் சூடாக்குகின்றன. குறுந்தூரம் ஓடி அடிக்கடி நிறுத்தும் லொறியில் இந்தச் செயல் பாதியில் தடைப்பட்டு, மீண்டும் மீண்டும் தொடங்கும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் டீசல் சம்புக்குப் போகும். ஒயில் மட்டம் காட்டும் கம்பியை இழுத்துப் பார்க்கும்போது ஒயில் குறைந்திருப்பதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம். இந்த லொறிகளில் அது கூடியிருக்கலாம். ஒயில் குறையாத நல்ல எஞ்சின் என்று மகிழ்வதற்குரிய விஷயமல்ல இது. கம்பியில் மேற்குறியைத் தாண்டி ஒயில் ஏறியிருந்தால், அதில் எந்தக் கிரேடு ஊற்றியிருந்தாலும், ஓடிய தூரம் எவ்வளவு குறைவாயிருந்தாலும், ஒயில் பில்டரோடு சேர்த்து அதை மாற்றிவிட வேண்டும். எரிக்கும் வேளையில் எச்சரிக்கை விளக்கு ஒளிரும்போது எஞ்சினை அணைக்காமல், நிலாவெளிப் பாதையிலோ கந்தளாய்ப் பாதையிலோ அது முடியும்வரை ஒரே சீராக ஓட்டுமாறு சாரதியிடம் சொல்லி வைப்பதும் ஒயிலின் பாகுநிலையைக் காக்கும் வழிகளில் ஒன்று.